பம்ப் ஸ்டாக் தடை நீங்கியது என்கிறார்களே, நீங்கியது எது?

கேள்வி இப்படி வந்திருக்கிறது: "டெக்சாஸில் கிரீன் கார்டில் இருக்கிறேன். துப்பாக்கி சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குச் சேர்ந்து போகும் நண்பர் தன்னிடமுள்ள பம்ப் ஸ்டாக்கை எடுத்துக்கொள் என்கிறார். 2024-ல் சுப்ரீம் கோர்ட் தடையை நீக்கிவிட்டதால் இப்போது தாராளமாக வைத்துக்கொள்ளலாம்தானே? சில மாதங்களில் வேலை காரணமாக நியூ ஜெர்ஸிக்குக் குடி போகிறோம், அங்கே எடுத்துச் செல்வதில் ஏதும் சிக்கல் உண்டா?" நீங்கள் கேட்டது ஒரு பொருளைப் பற்றி, ரைஃபிளை வேகமாகச் சுடவைக்கும் ஒரு துணைக்கருவியைப் பற்றி. ஆனால் பதில் தொங்கிக்கொண்டிருப்பது வேறு இடத்தில்: அந்தத் தீர்ப்பு எதை நீக்கியது, எதைத் தொடவே இல்லை என்பதில். சுருக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டெக்சாஸில் இன்று அது கையில் இருப்பது மத்திய அரசின் சட்டப்படியும் குற்றமில்லை, மாநிலச் சட்டப்படியும் குற்றமில்லை. நியூ ஜெர்ஸி எல்லையைத் தாண்டினால் அதே பொருள் மூன்றாம் நிலைக் குற்றம். 3 முதல் 5 ஆண்டு வரை சிறைக்கு இடமுண்டு. குடியுரிமை இல்லாதவருக்கு இதற்கு மேலும் ஒரு கவலை இருக்கிறது. வாங்காதீர்கள் என்பதுதான் என் பதில்.

இந்தச் சட்டங்களைப் படிப்பதும் விளக்குவதும் என் தொழில் சார்ந்த வேலை. ஆனாலும் நான் உங்கள் வழக்கறிஞர் இல்லை. கீழே எழுதுவதில் எது உறுதியான சட்டம், எது இன்னும் நீதிமன்றத்தில் இழுபட்டுக்கொண்டிருப்பது என்று பிரித்தே சொல்கிறேன்.

முதலில் பொருள். ஏஆர்-15 போன்ற செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளில் ட்ரிகரை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா. ட்ரிகர் இழுபட்டதும் சுத்தி விடுபட்டு வெடிக்க வைக்கும்; உடனே டிஸ்கனெக்டர் என்ற சின்ன உறுப்பு, திரும்பி வரும் சுத்தியைப் பிடித்து நிறுத்திக்கொள்ளும். விரலைத் தளர்த்தி ட்ரிகர் முன்னால் வந்த பிறகுதான் அடுத்த தோட்டாவைச் சுட முடியும். பம்ப் ஸ்டாக் இந்த உள்ளுறுப்புகள் எதையும் தொடுவதில்லை. தோளில் ஊன்றும் பின்கட்டையையும் கைப்பிடியையும் கழற்றிவிட்டு அவற்றின் இடத்தில் மாட்டும் ஒரு பிளாஸ்டிக் கூடு அது. அதற்குள் ரைஃபிள் முன்னும் பின்னும் வழுக்கும். ட்ரிகருக்குப் பக்கத்தில் விரலை ஊன்றி வைக்க ஒரு விளிம்பு இருக்கும். விரல் அசையாது; பின்னுதைப்பில் துப்பாக்கி பின்னால் போகும், மறு கையின் முன்தள்ளலில் திரும்ப வந்து விரலில் இடிக்கும். இடிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு குண்டு. சாதாரண ஆள் நிமிடத்துக்கு 60, தேர்ந்த போட்டியாளர் 180 வரை சுடலாம் என்றால், பம்ப் ஸ்டாக் மாட்டிய ஏஆர்-15 நிமிடத்துக்கு 400 முதல் 800 வரை போகும் என்று சுப்ரீம் கோர்ட்டின் மாறுபட்ட தீர்ப்பிலேயே கணக்கு இருக்கிறது. ராணுவத்தின் எம்16 போவது 700 முதல் 950. அதாவது எண்ணிக்கையில் இரண்டும் உரசிக்கொள்கின்றன. சட்டச் சண்டை முழுவதும் அந்த எண்ணிக்கையைப் பார்ப்பதா, உள்ளே நடக்கும் அசைவைப் பார்ப்பதா என்பதுதான்.

1934-ல் வந்த தேசியத் துப்பாக்கிச் சட்டம் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தது. ட்ரிகரின் ஒரே செயல்பாட்டில், கையால் மறுபடி நிரப்பாமல், தானாகவே ஒன்றுக்கு மேற்பட்ட குண்டுகளைச் சுடும் ஆயுதம் இயந்திரத் துப்பாக்கி. இன்றைய வரையறையின் சாரம் அவ்வளவுதான். நிமிடத்துக்கு இத்தனை குண்டு என்று எந்த எண்ணும் அதில் இல்லை. அன்றைக்கு அதை அப்படியே தடை செய்யவில்லை. பதிவு செய்து 200 டாலர் வரி கட்டச் சொன்னார்கள். அக்காலத்தில் அது ஒரு துப்பாக்கியின் விலைக்கே சமமான தொகை, ஆகவே பெயர்தான் வரி. 1968-ல் வரையறையை விரித்து, சாதாரணத் துப்பாக்கியை இயந்திரத் துப்பாக்கியாக மாற்றுவதற்கென்றே அமைந்த உறுப்புத் தொகுப்பையும் இயந்திரத் துப்பாக்கி என்றே கணக்கில் சேர்த்தார்கள். 1986-ல்தான் கதவு அடைபட்டது. அந்த ஆண்டு மே 19-க்கு முன்பு சட்டப்படி பதிவானவை தவிர வேறெதையும் தனியார் வைத்திருக்கக் கூடாது. மீறினால் 10 ஆண்டு வரை சிறை. இதன் விளைவு ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை: இன்றைக்கு ஒரு பொருளை "இது இயந்திரத் துப்பாக்கி" என்று அரசு வகைப்படுத்திவிட்டால், சரி, பதிவு செய்து வரி கட்டிவிடுகிறேன் என்று சொல்லவே வழி கிடையாது. வகைப்பாடு என்றாலே முழுத்தடை. 2018-ல் பம்ப் ஸ்டாக் வைத்திருந்தவர்கள் சிக்கியது இங்கேதான்.

வரையறையின் எழுத்து ட்ரிகரின் மேல் நிற்பதால் வினோதமான முடிவுகள் வரும் என்பது ஒன்றும் புதிதில்லை. கைப்பிடியைச் சுற்றிச் சுடும் பழைய கேட்லிங் துப்பாக்கி இயந்திரத் துப்பாக்கி அல்ல என்று 1955-லேயே ஒரு வரித்துறை விளக்கம் இருக்கிறது. அதே சுழல் குழல்களை மின்மோட்டார் சுற்றினால் இயந்திரத் துப்பாக்கி. இன்னொன்று கேளுங்கள். 2004-ல், துப்பாக்கி விவகாரங்களைப் பார்க்கும் ஏடிஎஃப் அமைப்பு, இரு முனையிலும் கண்ணி போட்ட 14 அங்குல ஷூ லேஸ் ஒன்றை இயந்திரத் துப்பாக்கி என்று கடிதம் மூலம் அறிவித்தது. செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளில் அதைக் கட்டித் தொடர்ந்து சுட முடியும் என்பது காரணம். கேலி கிளம்பியதும் 2007-ல், கயிறு கயிறுதான், துப்பாக்கியில் பூட்டித் தொடர்ந்து சுடவைத்தால்தான் பிரச்சினை என்று திருத்திக்கொண்டார்கள். சிரிக்கலாம்; ஆனால் ஏடிஎஃப் முட்டாள்தனமாக நடந்துகொண்டதாக நான் நினைக்கவில்லை. வரையறை பொருளைப் பார்க்காமல் செயலைப் பார்க்கும்போது, அதைக் கடைப்பிடிப்பவர் ஒருநாள் ஷூ லேஸ் வரை போய்த்தான் நிற்பார்.

பம்ப் ஸ்டாக்கின் சட்ட வாழ்க்கையும் இதே கோட்டில்தான். அதன் முன்னோடி ஏகின்ஸ் ஆக்ஸிலரேட்டர். அதற்குள் ஒரு ஸ்பிரிங் இருந்தது; பின்னால் போன துப்பாக்கியை அந்த ஸ்பிரிங்கே முன்னால் தள்ளும். 2002-ல் ஏடிஎஃப் அதை அனுமதித்தது, 2006-ல் மனம் மாறி இயந்திரத் துப்பாக்கி என்றது, வாங்கியவர்கள் ஸ்பிரிங்கைக் கழற்றி ஒப்படைக்க வேண்டியதாயிற்று. கண்டுபிடித்தவர் வழக்குப் போட்டு 2009-ல் 11-வது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றார். அடுத்து வந்தவர்கள் பாடம் கற்றுக்கொண்டார்கள்: ஸ்பிரிங்கே இல்லாமல், ஸ்பிரிங்கின் வேலையைச் சுடுபவரின் மறு கையிடம் கொடுத்தார்கள். டெக்சாஸின் மோரன் என்ற சிற்றூரிலிருந்த ஸ்லைடு ஃபயர் நிறுவனத்துக்கு 2010 ஜூனில் ஏடிஎஃப் கொடுத்த கடிதம், இது துப்பாக்கி உறுப்பு மட்டுமே, கட்டுப்பாட்டுக்குள் வராது என்றது. அதன்பின் 2017 வரை இதே வகையான பொருள்களுக்கு இதே பாணியில் கடிதங்கள் போய்க்கொண்டே இருந்தன. துணைக்கருவி என்பதால் வரிசை எண் இல்லை, துப்பாக்கி வாங்கும்போது நிரப்பும் 4473 படிவம் இல்லை, பின்னணிச் சோதனை இல்லை. அதனால்தான் நாட்டில் எத்தனை இருக்கின்றன என்று கேட்டபோது 2,80,000-லிருந்து 5,20,000 வரை என்று அகலமான ஒரு மதிப்பீட்டைத்தான் ஏடிஎஃப்பால் சொல்ல முடிந்தது.

2017 அக்டோபர் 1-ம் தேதி லாஸ் வேகஸில் மாண்டலே பே ஹோட்டலின் 32-வது மாடியிலிருந்து கீழே நடந்துகொண்டிருந்த இசை விழாவின் மேல் ஒருவன் சுட்டான். பத்து நிமிட அளவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தோட்டாக்கள். காயத்தால் பின்னர் இறந்தவர்களையும் சேர்த்து 60 பேர் உயிரிழந்தார்கள். அறையிலிருந்த ரைஃபிள்களில் ஒரு டஜனில் பம்ப் ஸ்டாக் மாட்டியிருந்தது. நான்கு நாளில் தேசிய ரைஃபிள் சங்கமே, இத்தகைய கருவிகளுக்குக் கூடுதல் கட்டுப்பாடு வேண்டும் என்று அறிக்கை விட்டது. கவனியுங்கள், அவர்கள் கேட்டது ஏடிஎஃப் மறுபரிசீலனை செய்யட்டும் என்று. காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், புதுச் சட்டம் போடட்டும் என்று இல்லை. அந்த வழியைத்தான் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். செனட்டில் வந்த மசோதா கிடப்பில் போனது. 2018 பிப்ரவரியில் அதிபர் ட்ரம்ப் நீதித்துறைக்கு ஆணையிட, அந்த ஆண்டு டிசம்பர் 26-ல் இறுதி விதி வெளியானது. "ஒரே செயல்பாடு" என்றால் ட்ரிகரை ஒருமுறை இழுப்பது, "தானாகவே" என்றால் தன்னியக்கமாக ஓடும் அமைப்பு, ஆகவே பம்ப் ஸ்டாக் இயந்திரத் துப்பாக்கி. 90 நாள் கெடு. 2019 மார்ச் 26 முதல் வைத்திருந்தாலே குற்றம். உருக்கு, நொறுக்கு, திரும்பச் சேர்க்க முடியாதபடி வெட்டு, இல்லை ஒப்படை. நஷ்ட ஈடு கிடையாது. இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டவர்களும் மேல்முறையீட்டில் தோற்றார்கள்.

இந்த விதியைத்தான் 2024 ஜூன் 14-ல் சுப்ரீம் கோர்ட் கார்லண்ட் எதிர் கார்கில் வழக்கில் 6-3 என்று தூக்கியெறிந்தது. வழக்குத் தொடுத்தவர் ஆஸ்டினில் துப்பாக்கிக் கடை நடத்துபவர். தன்னிடமிருந்த இரண்டு பம்ப் ஸ்டாக்குகளை ஆட்சேபத்தோடு ஒப்படைத்துவிட்டு வழக்காடினார். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி தாமஸ் அதில் ட்ரிகர் உள்ளுறுப்புகளின் படங்களையே வரிசையாகச் சேர்த்திருக்கிறார். தீர்ப்பைப் படிக்கும் பொறுமை இல்லையென்றாலும் அந்தப் படங்களை மட்டுமாவது பாருங்கள், வாதம் புரிந்துவிடும். ஒவ்வொரு குண்டுக்கும் ட்ரிகர் முன்னால் வந்து மீண்டும் அழுத்தப்படுகிறது. ஆக ஒவ்வொரு குண்டும் ட்ரிகரின் தனிச் செயல்பாடு. அதோடு, மறு கை விடாமல் சரியான அழுத்தத்தில் தள்ளிக்கொண்டே இருந்தால்தான் அது ஓடும் என்பதால் "தானாகவே" என்ற சொல்லும் பொருந்தாது. இரண்டு காலும் உடைந்ததால் விதி விழுந்தது. மாறுபட்ட நீதிபதி சோட்டோமேயர் பார்த்தது சுடுபவரின் விரலை: அவர் ஒருமுறை இழுத்துத் தள்ளிப் பிடிக்கிறார், மீதியைக் கருவி செய்கிறது, இது இயந்திரத் துப்பாக்கி இல்லாமல் வேறென்ன? எனக்குத் தனிப்பட்ட முறையில் இரண்டாவது வாசிப்பும் அந்தச் சொற்களுக்குள் அடங்கும் என்றே படுகிறது. ஆனால் எழுத்தை அப்படியே படிக்கும் நீதிமன்றத்திடம் ட்ரிகரின் செயல்பாடு என்று எழுதிக் கொடுத்துவிட்டு விரலின் செயல்பாட்டை எதிர்பார்ப்பது நடக்காத காரியம்.

உங்கள் கேள்விக்குப் பதில் இருப்பது பெரும்பான்மையோடு சேர்ந்த நீதிபதி அலிட்டோ தனியாக எழுதிய சிறு குறிப்பில். லாஸ் வேகஸ் சம்பவம் சட்டத்தைத் திருத்த வலுவான காரணம், ஆனால் காரணம் இருப்பதால் சட்டத்தின் வாசகம் தானாக மாறிவிடாது, காங்கிரஸ் நினைத்தால் திருத்தலாம் என்கிறார். ஏடிஎஃப் தன் பழைய விளக்கத்திலேயே நின்றிருந்தால் ஒருவேளை காங்கிரஸ் ஏற்கெனவே திருத்தியிருக்கும் என்றும் சேர்த்துச் சொல்கிறார். இது எனக்கு மிகச் சரியாகத் தோன்றும் இடம். எளிய வழியைப் பிடித்ததால் உறுதியான வழி கைநழுவியது. தீர்ப்பு வந்த நான்காம் நாள், 2024 ஜூன் 18-ல், செனட்டில் ஒருமனதாகத் தடை மசோதாவை நிறைவேற்ற முயன்றார்கள். ஒரு செனட்டரின் ஆட்சேபத்தில் நின்றுபோனது.

ஆக, தீர்ப்பு சொன்னது ஏடிஎஃப்புக்கு இந்த வாசகத்தை வைத்து இந்தப் பொருளைத் தடை செய்யும் அதிகாரம் இல்லை என்பது மட்டும். பம்ப் ஸ்டாக் வைத்திருப்பது அரசியல் சாசன உரிமை என்று அது சொல்லவில்லை. துப்பாக்கி உரிமை பற்றிய இரண்டாம் திருத்தம் அந்த வழக்கில் தீர்மானிக்கப்பட்ட கேள்வியே இல்லை. மாநிலங்கள் தங்கள் சட்டமன்றத்தில் தங்கள் சொற்களில் போட்ட தடைகள் ஒன்றுகூட இதனால் விழவில்லை. "சுப்ரீம் கோர்ட்டே சரி என்றுவிட்டது" என்ற வாட்ஸாப் வாசகத்தை நம்பி மாநில எல்லை தாண்டுபவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

மாநிலச் சட்டங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். கலிஃபோர்னியா லாஸ் வேகஸுக்கு வெகுகாலம் முன்பே, ட்ரிகரை அடுத்தடுத்து இயக்கும் எல்லாக் கருவிகளையும் ஒரே பெயரில் கொண்டுவந்து தடுத்திருந்தது. மாசசூசெட்ஸ் 2017 நவம்பரிலேயே சட்டம் போட்டது. பின்னுதைப்பின் ஆற்றலைக் கொண்டு ட்ரிகரைத் திரும்பத் திரும்ப இயக்குவது, வட்டமாகச் சுற்றும் நெம்பால் ட்ரிகரை இயக்குவது என்று இரண்டு அமைப்புகளை அது விவரித்தது. ஃபுளோரிடா, பார்க்லேண்ட் பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு 2018 மார்ச்சில் போட்ட சட்டத்தில் அமைப்பைப் பற்றியே பேசாமல் விளைவைப் பிடித்தது: துணைக்கருவி இல்லாமல் ஒரு மனிதரால் சுட முடிந்த வேகத்தைவிட அதிக வேகம் தரும் எந்தக் கருவியும் தடை. குடியரசுக் கட்சி ஆளும் மாநிலம், ஆளுநரும் அந்தக் கட்சி, ஆகவே அங்கே இருக்காது என்று நினைத்துப் போகாதீர்கள். நெவாடாவும் 2019-ல் தடை கொண்டுவந்தது. எல்லையின் அந்தப் பக்கம் கனடாவில், செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கியின் ட்ரிகரை இயக்கி வேகமாகச் சுடவைக்கும் மின் அல்லது இயந்திரக் கருவி எதுவும் தடை செய்யப்பட்ட சாதனம். டொரண்டோ உறவினரைப் பார்க்கக் காரில் போகிறவர்கள் டிக்கியை ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.

இரண்டு வகை எழுத்திலும் ஓட்டை உண்டு. அமைப்பை விவரிக்கும் சட்டத்தை, அமைப்பை மாற்றித் தாண்டுவார்கள். ஏகின்ஸின் ஸ்பிரிங் போய் மறு கை வந்தது போல. விளைவை விவரிக்கும் சட்டம் எங்கே நிற்கும் என்று தெரியாது. "மனிதரால் சுட முடிந்த வேகம்" எந்த மனிதருடையது? போட்டிகளில் சுடுபவர்கள் வாங்கும் இலகுவான ட்ரிகர், குறைந்த அழுத்தத்தில் இயங்கும் ஸ்பிரிங், இவையும் வேகத்தைக் கூட்டத்தான் செய்கின்றன. 2017 செனட் மசோதாவை எதிர்த்தவர்கள் பிடித்துக்கொண்டதும் சுடும் வேகத்தைக் கூட்டும் கருவி என்ற வரியைத்தான். எதிர்ப்பின் நோக்கம் எதுவானாலும் அந்த ஆட்சேபத்தில் சரக்கு இருந்தது. நன்றாக எழுதிய மாநிலச் சட்டங்கள் இரண்டையும் கலந்து, பெயர் சொல்லிப் பட்டியலிட்டு, சாதாரண ட்ரிகர் மாற்றத்துக்கு விலக்கும் வைத்துவிடுகின்றன.

நியூ ஜெர்ஸிக்கு வருவோம். அங்கே 2018 ஜனவரியில் கையெழுத்தான சட்டத்தின்படி, பம்ப் ஸ்டாக்கைத் தெரிந்தே வைத்திருப்பது குற்றம். துப்பாக்கி கூட இருக்கிறதா இல்லையா என்பது பொருட்டில்லை. பெட்டிக்குள் தனியாகக் கிடந்த பிளாஸ்டிக் துண்டு என்ற வாதம் எடுபடாது. வெளிமாநிலத்தில் சட்டப்படி வாங்கினேன் என்பதும் எடுபடாது. பயணப் பாதுகாப்பு பற்றி யாராவது சொல்லுவார்கள்: தோட்டா இல்லாமல், கைக்கு எட்டாதபடி பூட்டி எடுத்துச் சென்றால் மாநிலங்களைக் கடக்கலாம் என்ற மத்திய அரசின் பாதுகாப்பு 1986 சட்டத்தில் உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அது பேசுவது துப்பாக்கியைப் பற்றி, துணைக்கருவியைப் பற்றி இல்லை. அதுவும் புறப்படும் இடத்திலும் போய்ச் சேரும் இடத்திலும் சட்டப்படி வைத்திருக்கக்கூடிய பொருளுக்கு மட்டுமே. நீங்கள் போய்ச் சேரும் இடமே நியூ ஜெர்ஸி என்பதால் அந்தக் குடை உங்களுக்கு விரியாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பம்ப் ஸ்டாக்கை விடுங்கள், உங்கள் ரைஃபிளே அங்கே பெரிய பிரச்சினையாகலாம். நியூ ஜெர்ஸியில் கோல்ட் ஏஆர்-15-ம் அதோடு பெரும்பாலும் ஒத்தவையும் தாக்குதல் துப்பாக்கிப் பட்டியலில் வருகின்றன. அனுமதியின்றி வைத்திருப்பது இரண்டாம் நிலைக் குற்றம், 5 முதல் 10 ஆண்டு. அதை எதிர்த்த வழக்கு 3-வது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போயிருக்கிறது. வழக்கு நடக்கிறது என்பதை வைத்துக்கொண்டு யாரும் துணிந்து எடுத்துச் செல்லக் கூடாது. 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசினும் தடை, டெக்சாஸில் ரைஃபிளோடு சாதாரணமாகக் கிடைக்கும் 30 தோட்டா மேகசின் உட்பட. புதிதாகக் குடியேறுபவர் 60 நாளுக்குள் துப்பாக்கி வாங்குவோர் அடையாள அட்டை எடுத்து, வெளிமாநிலத்தில் வாங்கியதைப் பதிவும் செய்ய வேண்டும்.

நண்பர் பம்ப் ஸ்டாக்குக்குப் பதில் வேறு ஏதாவது தருகிறேன் என்றால், அந்தப் பெயர்களையும் தெரிந்துகொள்ளுங்கள். பைனரி ட்ரிகர் என்பது இழுக்கும்போது ஒன்று, விடும்போது ஒன்று சுடுவது. இரண்டும் தனித்தனிச் செயல்பாடு என்பதால் மத்திய அரசின் வரையறைக்குள் வரவில்லை. சில மாநிலங்களில் தடை. மின்னசோட்டா 2024-ல் போட்ட தடையை அங்குள்ள கீழ் நீதிமன்றம் மறு ஆண்டே செல்லாது என்றது, அதுவும் துப்பாக்கி உரிமைக்காக இல்லை, ஒரே மசோதாவில் சம்பந்தமில்லாத பல விஷயங்களைத் திணித்தார்கள் என்பதற்காக. ஃபோர்ஸ்டு ரீசெட் ட்ரிகர் என்பதில் சுட்டபின் துப்பாக்கியின் உள்ளியக்கமே ட்ரிகரை முன்னால் தள்ளிவிடும். விரலில் அழுத்தம் வைத்திருந்தால் வேகமாக அடுத்தது போகும். 2021-ல் ஏடிஎஃப் இதை இயந்திரத் துப்பாக்கி என்றது. நியூயார்க்கில் ஒரு நீதிபதி அதை ஏற்கும் போக்கில் உத்தரவிட்டார், டெக்சாஸில் ஒரு நீதிபதி கார்கில் தீர்ப்பைக் காட்டி 2024 ஜூலையில் மறுத்தார். 2025 மே மாதம் நீதித்துறை, இந்த ட்ரிகரை விற்கும் ரேர் ப்ரீட் நிறுவனத்தோடு சமரசம் செய்துகொண்டு பறிமுதல் செய்தவற்றைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது; கைத்துப்பாக்கிக்கு இதைச் செய்யமாட்டோம் என்பது நிறுவனத்தின் பங்கு. நியூ ஜெர்ஸி உள்ளிட்ட பல மாநிலங்கள் இதை எதிர்த்து உடனே நீதிமன்றம் போயின. இன்றைய கணக்கில் உறுதியாக எதையும் சொல்ல முடியாத பொருள் இது ஒன்றுதான். நிர்வாகம் மாறினால் வகைப்பாடும் மாறலாம் என்பதை ஏகின்ஸ் காலத்திலிருந்தே பார்த்துவருகிறோம்.

ஸ்விட்ச் என்று தெருவில் பெயர் பெற்ற, கைத்துப்பாக்கியின் பின்பக்கம் மாட்டும் நாணயம் அளவு துண்டு வேறு கதை. அதில் சந்தேகத்துக்கே இடமில்லை. அது துப்பாக்கியை உண்மையிலேயே தொடர்ந்து சுடவைக்கிறது. எனவே தனியாகக் கிடந்தாலும் அந்தத் துண்டே சட்டப்படி இயந்திரத் துப்பாக்கி. டெக்சாஸ் உட்பட எந்த மாநிலத்தில் நின்றாலும் மத்திய அரசின் சட்டத்தில் 10 ஆண்டு வரை சிறை. போதைக் கடத்தல், வன்முறைக் குற்றத்தோடு சேர்ந்தால் குறைந்தபட்சமே 30 ஆண்டு. 2017 முதல் 2021 வரை இத்தகைய மாற்றுக் கருவிகள் 5,454 கைப்பற்றப்பட்டதாக ஏடிஎஃப் சொல்கிறது. அதற்கு முந்தைய ஐந்தாண்டில் 814. பம்ப் ஸ்டாக் சண்டை தலைப்புச் செய்தியாக ஓடிக்கொண்டிருந்தபோது தெருவில் ரத்தம் சிந்த வைத்தது இதுதான். இணையத்தில் வெளிநாட்டு முகவரியிலிருந்து "அலங்காரப் பொருள்" என்று வாங்கியவர்களின் வீட்டுக் கதவை அதிகாரிகள் தட்டியதும் உண்டு. தெரியாது என்ற வாதம் ஓரளவு செல்லும்: தன் துப்பாக்கிக்கு இத்தகைய தன்மை இருப்பது குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தெரிந்திருந்ததை அரசுதான் நிரூபிக்க வேண்டும் என்று 1994-ல் ஸ்டேபிள்ஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. ஆனால் தெரிய வேண்டியது பொருளின் தன்மை. அதைத் தடுக்கும் சட்டம் இருப்பது தெரியாது என்பது வாதமே இல்லை.

இனி கிரீன் கார்டு. நிரந்தர வதிவிடம் உள்ளவர் துப்பாக்கி வாங்க மத்திய அரசின் சட்டம் தடையில்லை. எச்1பி, எல்1, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவருக்குப் பொதுவாகத் தடை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. இதைப் படிக்கும் மற்றவர்கள் கவனிக்க வேண்டியது இது: ரேஞ்சில் நண்பரின் துப்பாக்கியை வாங்கிச் சுட்டுப் பார்ப்பதுகூட "வைத்திருத்தல்" என்ற சொல்லுக்குள் வரலாம். கிரீன் கார்டுக்காரருக்குச் சிக்கல் தண்டனைக்குப் பிறகு. குடியேற்றச் சட்டத்தில், துப்பாக்கியையோ அதன் உறுப்பையோ துணைக்கருவியையோ சட்டவிரோதமாக வைத்திருந்ததாகத் தண்டனை பெற்றால் நாடு கடத்தலாம் என்று ஒரு பிரிவு இருக்கிறது; சிறிய தண்டனைக்கும், பல ஆண்டு கழிந்த பிறகும் அது பொருந்தும். அந்தப் பிரிவு மத்திய அரசின் துப்பாக்கி வரையறையோடு பிணைந்தது என்பதால் பம்ப் ஸ்டாக் அதற்குள் வராது என்று வாதாட முடியும், நல்ல வாதமும்கூட. அந்த வாதத்தை நீங்கள் குடியேற்ற நீதிபதியின் முன்னால் நின்று செய்ய வேண்டியிருக்கும் என்பதுதான் சங்கடம். குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போதும் கைது, குற்றம் பற்றிய கேள்விகள் வரும். மறைத்தால் அதுவே தனிக் குற்றம்.

ஆகவே நடைமுறையில்: நண்பரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், வீட்டுச் சாமான் லாரி வருவதற்கு முன் டெக்சாஸிலேயே திருப்பிக் கொடுங்கள். இல்லையென்றால் சட்டப்படி வைத்திருக்கத் தகுதியுள்ள வேறொருவரிடம் கொடுங்கள்; தேதியோடு ஒரு சிறு எழுத்துக் குறிப்பு இருந்தால் நல்லது. அழிப்பதானால் திரும்பப் பயன்படாதபடி பல துண்டாக வெட்டி, வெட்டியதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பேக்கர்கள் கட்டும் பெட்டிகளில், கேரேஜ் அலமாரியில், ரேஞ்ச் பையின் பக்கவாட்டு ஜிப்பில் தங்கிவிடும் பெரிய மேகசின்களைத் தனியாகத் தேடி எடுங்கள். பெரும்பாலான வழக்குகள் இப்படி மறந்துபோன பையில்தான் தொடங்குகின்றன. ரைஃபிளின் மாடல் பெயரையும் முக்கிய அம்சங்களையும் எழுதிக்கொண்டு, நியூ ஜெர்ஸியில் துப்பாக்கி வழக்கு நடத்தும் ஒருவரிடமும், குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடமும் தலா ஒரு மணி நேரம் கட்டணம் கொடுத்துப் பேசுங்கள். இரண்டு வேலையையும் நானே பார்த்துவிடுகிறேன் என்று சொல்பவரைச் சற்று தள்ளியே வையுங்கள். ரைஃபிளை டெக்சாஸில் விற்றுவிட்டுப் போவதுதான் மலிவு என்று அவர்கள் சொன்னாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.